மசியல், பதினைந்தாம் தடவை

போ என்று பெயர் அந்த ஆற்றுக்கு.
போகாமல் குழாய் வழியே வீட்டுக்குள் வந்து
கேத்தலின் அடியில் வெள்ளையாகக் குடியிருக்கிறது.
கால்கரியில் நாங்கள்
மலையைக் கரைத்துத்தான் குடிக்கிறோம்.

இந்தத் தண்ணீரில் பார்லியை ஊறவைத்தால்
நொதிகள் முகம் சுளிக்குமாம்.
ஐந்து புள்ளி இரண்டுக்கும் ஐந்து புள்ளி ஆறுக்கும் இடையில்தான்
அவற்றுக்கு வேலை செய்ய மனம் வரும்.
மேலே ஏறிவிட்டால்
உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும்,
சாயத்துணி ஊறிய தண்ணீரைக் குடிப்பதுபோல.

ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தேழு.
கராஜில் பெரிய பானை நிறைய மசியல்.
முதல் தடவை இந்தச் சொல்லைச் சொன்னபோது
"என்ன கீரை?" என்று கேட்டவள் நளாயினி.
இப்போது கேட்பதில்லை.
காரின் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுக்
கையுறையோடு வந்து நிற்கிறாள்.

ஒரு கரண்டி எடுத்து எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி
வாசலில் பனிக்குள் புதைத்தேன்.
சூட்டோடு அளந்தால் எண் பிசகும்.
ஆவி அடங்கியது.
மஞ்சள் பேனா போன்ற மீட்டரின் மூக்கை
உள்ளே விட்டேன்.

ஐந்து புள்ளி எட்டு.

லாக்டிக் அமிலம், இரண்டு மில்லி.
கிளறினேன். பத்து நிமிடம்.
ஐந்து புள்ளி எட்டு.
பெயர்தான் மசியல்;
எண் மசிய மாட்டேன் என்கிறது.
இன்னும் மூன்று மில்லி.
ஐந்து புள்ளி ஏழு, அதுவும் மனமில்லாமல்,
கடன்காரன் காசு எண்ணுவதுபோல.

நளாயினி ஒரு சொட்டைச் சுண்டுவிரலில் தொட்டு
நாக்கில் வைத்தாள்.
கண் ஒன்று தானாக மூடிக்கொண்டது.
"இதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்?"

நான் வேலைக்குப் போவது எதற்கென்று சொல்லிவிடுகிறேன்.
கடைகடையாகப் போய்
தராசுகள் உண்மை சொல்கின்றனவா என்று பார்த்து
ஒட்டுவில்லை ஒட்டுவது.
பதினோரு வருடமாக.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பஞ்சு காய்ந்திருந்தது.
அந்தக் கண்ணாடிக் குமிழ் நாக்கு மாதிரி,
ஈரம் இருக்கும்வரைதான் ருசி தெரியும்.
இரண்டு குளிர்காலம்
சுத்தியல், ஆணி, பழைய பனிச்சப்பாத்துகளோடு
அலமாரியில் கிடந்திருக்கிறது.

பொட்டலம் பிரித்துக் கரைத்தேன்.
ஏழு என்று அச்சிட்ட கரைசலை ஏழு புள்ளி ஐந்து என்றது.
நாலு என்றதை நாலு புள்ளி ஆறு என்றது.
பொய்யையும் ஒரே அளவாகச் சொல்லத் தெரியவில்லை.

அப்படியானால் முதலில் பார்த்த ஐந்து புள்ளி எட்டு
ஐந்தேகாலை ஒட்டி எங்கோ இருந்திருக்கும்.
தொடாமல் விட்டிருந்தாலே போதும்.
ஐந்து மில்லி அமிலத்தை
யாருக்குப் பயந்து ஊற்றினேன்?

அவள் சமையலறைக்குப் போய் ஆப்பசோடா டப்பாவோடு வந்தாள்.
ஒரு சிட்டிகை. இன்னொன்று.
விளிம்பில் நுரை சீறி அடங்கியது.
புளிப்புக்கு எதிரியைக் காரம் என்று
பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தபோது
மிளகாய்த் தூள் என்று நினைத்தேன் என்றாள்.
சிரித்தோம். மீட்டரை யாரும் பார்க்கவில்லை.

இரவு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.
பதினாலு தடவை, நீல மையில், அடிக்கோடிட்டு:
ஐந்து புள்ளி நாலு. ஐந்து புள்ளி நாலு.
எது எப்போது பிசகத் தொடங்கியது?
ஒன்பதாம் தடவை காய்ச்சியதை
பீட்டர்சன் வீட்டுக்காரர்கள் மூன்று போத்தல் குடித்துவிட்டு
எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள்.
சொன்னேன், எண்ணோடு.
அதன் பக்கத்தில் இப்போது
ஒரு கேள்விக்குறி போட்டேன், பென்சிலால்.

செவ்வாய்க்கிழமை,
முப்பத்தாறாம் தெருவில் ஒரு காய்கறிக் கடை.
ஐந்து கிலோ கல்லைத் தராசில் வைத்தேன்.
ஐந்து என்றது.
வில்லையின் பின்தாளை உரித்துவிட்டேன்.
விரலில் ஒட்டியபடி அது இருக்க
கல்லை எடுத்து
மறுபடி வைத்தேன்.